ஆயுத பூஜையும் காணாமல் போன சாக்கெட்டும்

சிறிய விமானங்களின் பராமரிப்பு நமக்குச் சொல்லும் பாடம்



குனோங் ராபாட்டில் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சின்ன வயதில் அம்மா ஹியோங் பெங் கடையில் பிஸ்கட் வாங்கும்போது நான் வெளியே தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். பெரிய விமானம் வந்தால் அவ்வளவு ஆர்வம் இருக்காது. சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு மேலே சுற்றி வரும் ஒற்றை எஞ்சின் விமானம்தான் எனக்குப் பிடிக்கும். ஓட்டுகிறவர் கையை ஆட்டினால் தெரியும் போல இருக்கும்.

இப்போது நான் எஞ்சினியரிங் மாணவன். தொழிற்பயிற்சிக்காகச் சில மாதங்கள் சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு ஹேங்கரில் இருந்தேன். அங்கே நான் ஒரு தவறு செய்தேன். அதைப் பற்றி நம் சங்கத்து வகுப்பில் ஒருநாள் பேசியபோது, "இதையே பாடமா எழுதிக் கொடு தம்பி, ஆயுத பூஜை மாசத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார். எழுதியிருக்கிறேன். விமானம் பற்றித் தெரியாதவர்களும் பயப்படாமல் படிக்கலாம். மோட்டார் ஓட்டத் தெரிந்தால் போதும்.

விபத்து நடந்தவுடன் தீர்ப்புச் சொல்லாதே

2023 ஆகஸ்ட் 17. லங்காவியிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் 390 ரகச் சிறிய ஜெட் விமானம், ஷா ஆலாம் எல்மினா பகுதியில் நெடுஞ்சாலை அருகே விழுந்தது. விமானத்தில் இருந்த 8 பேரும், சாலையில் போய்க்கொண்டிருந்த 2 பேரும் இறந்தார்கள். அந்தக் காட்சி நம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. கூடவே தீர்ப்பும் வந்தது. "பழைய விமானம், சர்வீஸ் சரியில்ல" என்று ஒருவர். "எஞ்சின் வெடிச்சிருச்சு" என்று இன்னொருவர். நானும் இரண்டு குழுக்களுக்கு அப்படி ஒரு செய்தியை அனுப்பினேன்.

ஓர் ஆண்டு கழித்து விசாரணை அறிக்கை வந்தது. எஞ்சின் வெடித்ததாக அதில் இல்லை. இந்த ரக விமானத்தில் 'லிஃப்ட் டம்ப்' என்று ஓர் அமைப்பு உண்டு. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, இறக்கையின் மேலே உள்ள பலகைகளை நிமிர்த்தி, தூக்கும் விசையைக் கொன்றுவிடும். விமானம் தரையில் அழுத்தமாக உட்காரும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். தரையில்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். அன்று இறங்குவதற்கு முந்தைய சோதனைகளைச் செய்யும்போது, துணை விமானி இருக்கையில் இருந்தவர் தவறுதலாக அதை வானத்திலேயே இயக்கிவிட்டார் என்று அறிக்கை சொன்னது.

அடுத்த ஆறு மாதத்திற்குள், 2024 பிப்ரவரி 13 அன்று, காப்பாரில் பிகே 160 கேப்ரியல் என்ற இரண்டு இருக்கை விமானம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் இறந்தார்கள். இந்த முறை நான் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை.

ஒரு விபத்துக்குக் காரணம் பராமரிப்பா, ஓட்டுகிறவரா, வானிலையா என்பது உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். நாம் பேசப்போவது, அப்படிப் பார்த்த பிறகு 'பராமரிப்புதான்' என்று உறுதியான விபத்துகளைப் பற்றி.

சிறிய விமானம் எப்படிப்பட்டது?

உலகில் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் எது தெரியுமா? போயிங்கும் இல்லை, ஏர்பஸ்ஸும் இல்லை. நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1986 முதல் பத்து ஆண்டுகள் அதன் தயாரிப்பு நின்றிருந்தது. அதனால் நம் அப்பா வயதுள்ள செஸ்னாக்கள் இன்றும் ஏராளமாகப் பறக்கின்றன.

வயதானது என்பதற்காக ஒரு விமானம் ஆபத்தானது ஆகிவிடாது. காடிக்குக் கிலோமீட்டர் கணக்கு என்றால் விமானத்துக்கு மணிக்கணக்கு. பயிற்சிப் பள்ளிகளில் பொதுவாக 50 மணி நேரம் பறந்தால் எண்ணெய் மாற்றுவார்கள். 100 மணி நேரம் ஆனால் மூடிகளை எல்லாம் திறந்து உள்ளே பார்ப்பார்கள். என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், யார் செய்தது, யார் சரிபார்த்தது என்று எல்லாம் பதிவேட்டில் ஏறும். கையெழுத்து இல்லாமல் விமானம் பறக்கக் கூடாது.

எஞ்சின் நின்றால் உடனே கல் மாதிரி விழும் என்று நினைக்க வேண்டாம். செஸ்னா 172 ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 9 மீட்டர் முன்னே மிதந்து போகும். 900 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்று அமைதியாக இருந்தால், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போகலாம். ஒரு திடல் தேட நேரம் இருக்கிறது. எஞ்சினிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனியே இரண்டு மேக்னெட்டோ. ஒன்று கெட்டாலும் மற்றது ஓட்டும். புறப்படுவதற்கு முன் விமானி ஒன்றை நிறுத்தி, பிறகு மற்றதை நிறுத்தி, இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பார்.

எஞ்சின் நின்றால் மிதந்து இறங்க வழி இருக்கிறது. இறக்கையே பிய்ந்துவிட்டால், அல்லது வாலுக்குப் போகும் கம்பி வேலை செய்யாமல் போனால், எந்தக் கெட்டிக்கார விமானியும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டையும் காப்பது ஹேங்கரில் ஸ்பானர் பிடிக்கிறவனின் கை.

நம் ஊர் ஈரமும் ஒரு கண்ணாடிக் குவளையும்

கிந்தா பள்ளத்தாக்கில் மழைக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் கொட்டித் தீர்க்கும். இந்த ஈரம் சிறிய விமானத்துக்கு இரண்டு தொல்லைகளைக் கொடுக்கும்.

முதல் தொல்லை, எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர். தொட்டி பாதி காலியாக இரவு முழுக்க நின்றால், உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து சுவரில் வியர்க்கும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மழைநீரும் இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் தொடங்குகிறது. அதனால் பறப்பதற்கு முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்துப் பார்ப்பார்கள். விமானப் பெட்ரோல் நீல நிறம். அடியில் நிறமில்லாத முட்டை ஒன்று உருண்டால் அது தண்ணீர். தண்ணீர் வருவது நிற்கும்வரை வடிக்க வேண்டும். நிற்கவே இல்லை என்றால் பறப்பதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் தொல்லை, கார்புரேட்டரில் பனிக்கட்டி. "மலேசியாவில் பனியா?" என்று சிரிக்காதீர்கள், நானும் சிரித்தேன். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலான வழியில் விரையும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகம் என்றால் உள்ளே பனி பிடித்து எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இதற்காக எஞ்சினின் சூட்டுக் காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ் இருக்கிறது. அது சரியாக இழுபடுகிறதா என்று பார்ப்பதும் பராமரிப்புதான்.

இரண்டு வேலைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. நேற்று பார்த்தோம், முந்தாநாள் பார்த்தோம், தண்ணீர் இல்லை. இன்றும் இருக்காது என்று மனம் சொல்லும். நான் ஹேங்கரில் முதலில் கற்றுக்கொண்டது, இந்த மனத்தின் பேச்சைக் கேட்காமல் இருப்பதுதான்.

முதல் தவறு: பூசி மறைப்பது

2005 டிசம்பர் 19. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பிமினி தீவுக்கு, தண்ணீரிலிருந்து எழும்பும் விமானம் ஒன்று புறப்பட்டது. கிரம்மன் மாலார்ட் ரகம், 1947-ல் செய்தது. எழும்பிய சிறிது நேரத்தில் வலது இறக்கை தனியாகப் பிரிந்தது. கைக்குழந்தைகள் உட்பட 20 பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையாளர்கள் இறக்கையின் உள்ளே உலோகக் களைப்பினால் வந்த விரிசல்களைக் கண்டார்கள். களைப்பு என்றால் என்ன? ஒரு காகிதக் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை உடையாது, ஐந்தாவது தடவையும் உடையாது, திடீரென்று ஒரு தடவை சட்டென்று முறியும். இறக்கையும் அப்படித்தான். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் வளைகிறது. எங்கோ ஒரு மூலையில் மயிரிழை விரிசல் தொடங்கி, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் நீள்கிறது.

விபத்துக்கு முன்பே அந்த இறக்கை சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்த ரக விமானத்தில் இறக்கைதான் எண்ணெய்த் தொட்டியும். இறக்கையிலிருந்து மீண்டும் மீண்டும் எண்ணெய் கசிந்தது. ஒவ்வொரு முறையும் பசை போன்ற பொருளைப் பூசிக் கசிவை அடைத்தார்கள். கசிவு ஏன் வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை. விரிசலுக்கு முன்பு செய்த பழுதுபார்ப்பும் உருப்படியாக இல்லை. பூசிய பசையே விரிசலைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. அந்த நிறுவனத்தின் பராமரிப்பு முறையும், அதை மேற்பார்வை செய்ய வேண்டிய அரசுத் துறையும் தவறின என்று அறிக்கை சொன்னது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லா விரிசலும் அலட்சியத்தால் வருவதில்லை. 2018 ஏப்ரல் 4 அன்று புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை முறிந்து, மாணவர் ஒருவரும் அவரைச் சோதித்த தேர்வாளரும் இறந்தார்கள். 2007-ல் செய்த விமானம்தான். விரிசல் போல்ட் துளைக்குள் இருந்தது, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு, அதிகம் உழைத்த அந்த வகை விமானங்களில் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் மின்சுழல் கருவியை விட்டுச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது. தெரியாமல் நடந்ததிலிருந்து ஒரு புதிய சோதனை பிறந்தது. தெரிந்தே பூசியதிலிருந்து என்ன பிறக்கும்?

இரண்டாம் தவறு: படி தாண்டுவது

இந்த விபத்தை நான் வகுப்பில் படித்தேன். மறக்க முடியவில்லை. ஏனென்றால் இதில் என்னைப் போல் ஒருவர் இருக்கிறார்.

2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் விமான நிலையம். பீச்கிராஃப்ட் 1900 ரகம், 19 பயணிகள், 2 விமானிகள். எழும்பியதும் மூக்கு மேலே போனது. விமானிகள் இருவரும் சேர்ந்து அழுத்தியும் கீழே வரவில்லை. செங்குத்தாக நிமிர்ந்து, வேகம் இழந்து, ஒரு ஹேங்கர் மீது விழுந்தது. ஒரு நிமிடம்கூடப் பறக்கவில்லை. 21 பேரும் இறந்தார்கள்.

வாலில் 'எலிவேட்டர்' என்று ஒரு பலகை உண்டு. மூக்கை ஏற்றி இறக்குவது அதுதான். விமானியின் கையிலிருந்து அந்தப் பலகைக்குக் கம்பி போகிறது. கம்பியின் இழுவையைக் கூட்டிக் குறைக்க 'டர்ன்பக்கிள்' என்ற திருகு இருக்கும். விபத்துக்கு இரண்டு இரவுகளுக்கு முன் வேறொரு ஊரில் அந்தக் கம்பியின் இழுவையைச் சரி செய்திருந்தார்கள். செய்தவர் இந்த ரக விமானத்தில் அந்த வேலையை முதன்முறையாகச் செய்கிறார், பயிற்சியில் இருக்கிறார். பக்கத்தில் சொல்லிக்கொடுத்தவர் இருந்தார். கையேட்டில் இருந்த படிகளில் பல இங்கே தேவையில்லை என்று இருவரும் விட்டுவிட்டார்கள். திருகு தவறாக முறுக்கப்பட்டது. மூக்கைக் கீழே இறக்கும் திசையில் பலகை அசைய வேண்டிய அளவில் சுமார் பாதிதான் அசைந்தது.

அவர்கள் விட்டுவிட்ட ஒரு படியைச் செய்திருந்தால், பலகை முழுமையாக அசையவில்லை என்பது அங்கேயே தெரிந்திருக்கும். இன்னொரு கொடுமை, வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பரிசோதகரும் சொல்லிக்கொடுத்த அதே ஆள்தான். தான் சொல்லிச் செய்த வேலையைத் தானே 'சரி' என்று ஒப்புக்கொண்டார். நம் தமிழ்ப்பள்ளியில்கூட பக்கத்துப் பையனிடம்தான் திருத்தக் கொடுப்பார்கள்!

அப்படியென்றால் இரண்டு நாள் எப்படிப் பறந்தது? நடுவில் ஒன்பது முறை பறந்து ஒழுங்காக இறங்கியது. சுமை குறைவாக இருந்ததால் தவறு தெரியவில்லை. அன்று ஆள் நிறைய, பெட்டி நிறைய, பின்பக்கம் கனம். ஒரு பயணிக்கு இவ்வளவு எடை என்று விதியில் போட்டிருந்த சராசரி பழைய காலத்துக் கணக்கு. உண்மையான மனிதர்கள் அதைவிடக் கனமாக இருந்தார்கள். இரண்டு தவறும் ஒரே நாளில் சந்தித்தன. பிறகு அந்தச் சராசரி எடையை உயர்த்தினார்கள்.

மகளை இழந்த ஒரு பெற்றோர் நஷ்டஈட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தவறை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நின்றார்கள். 2005-ல் அந்த விமான நிறுவனம் குடும்பங்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பணத்தைவிட அந்த ஒரு வார்த்தைக்கு அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

ஒன்பது முறை பத்திரமாக இறங்கியது, வேலை சரியாக நடந்ததற்குச் சாட்சி ஆகாது. இந்த வரியை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது எனக்கே தேவைப்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

மூன்றாம் தவறு: வாயை மூடிக்கொள்வது

இனி என் கதை. இடத்தின் பெயர் வேண்டாம். தவறு என்னுடையது.

அன்று ஒரு செஸ்னா 172-க்கு 100 மணி நேரச் சோதனை. இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, தரையில் இருக்கும் சிறிய மூடிகளைத் திறந்திருந்தோம். அவற்றுக்குக் கீழேதான் எலிவேட்டர் கம்பிகள் கப்பிகள் வழியாக வாலுக்குப் போகின்றன. என் வேலை கப்பிகளைத் துடைப்பது, கம்பியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று துணியால் தடவிப் பார்ப்பது, பிறகு மூடிகளைப் பூட்டுவது.

சாமான் பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணி, எல்லாப் பள்ளமும் நிறைந்திருக்கிறது என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் முதலில் கையெழுத்துப் போட்டேன், பிறகு பெட்டியை மூடப் போனேன். தினமும் அப்படித்தான் செய்துவந்தேன். அன்று 7/16 அங்குல சாக்கெட்டின் பள்ளம் காலி.

மணி ஐந்தரை. மூடிகள் பூட்டியாகிவிட்டது. என் மேலதிகாரி அண்ணன், அவர் உரிமம் பெற்ற எஞ்சினியர், மகளின் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்காகச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த விமானத்தில் ஒரு மாணவர் தனியாகப் பறக்கப் போகிறார். அவரை எனக்குத் தெரியும், அன்று மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேறு பெட்டியில் கலந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் எல்லா மூடியையும் திறக்க வேண்டும். அண்ணன் விழாவை விட்டு வர வேண்டும். என் பயிற்சி மதிப்பீட்டுத் தாளில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதெல்லாம் மனசில் ஓடியது. பத்து நிமிடம் ஓட்டியிருப்பேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சார்லட் விபத்தில் அந்தப் பயிற்சியாளர் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஓரமாக நிறுத்தி போன் அடித்தேன்.

"அண்ணே, ஒரு சாக்கெட் காணோம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் பிள்ளைகள் பாடுவது கேட்டது.

"விமானத்துல சிவப்பு டேக் போட்டியா?"

"இல்லண்ணே. நான் வெளியே வந்துட்டேன்."

"திரும்பிப் போ. முதல்ல டேக்கைப் போடு. பதிவேட்டுல எழுது. நான் வரேன்."

ஏழு மணிக்கு பாத்தேக் சட்டையோடு வந்தார். திட்டவில்லை. டார்ச் லைட், சின்னக் கண்ணாடி, மறுபடி கம்பளம், மறுபடி மூடி. இரண்டு மணி நேரம் ஆனது. பின் இருக்கைக்குக் கீழே, கப்பிக்கு இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது.

"இது சிக்கியிருக்குமா அண்ணே?"

"சிக்கும்னும் சொல்ல முடியாது, சிக்காதுன்னும் சொல்ல முடியாது. மூக்கைத் தூக்கும்போது பின்னால உருளும். எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? தெரியாததைப் பறக்க விடக்கூடாது தம்பி. அவ்வளவுதான்."

மறுநாள் அறிக்கை எழுதச் சொன்னார்கள். "எண்ணாம எப்படிக் கையெழுத்துப் போட்ட?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் சாமானைத் தொடக் கூடாது, எண்ணுகிற வேலை மட்டும் என்று உத்தரவு. நான் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் பின்னால் வந்து நின்றார். "என் பேரையும் எழுது. உனக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனேன், எண்ணல. அதையும் எழுது" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயிற்சிப் பையன் மேல் போட்டு முடித்திருக்கலாம். இருபது வருஷ அனுபவம் உள்ளவர், என் தாளில் தன் தவறை எழுதச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஹேங்கரில் எண்ணுவதற்கு முன் யாரும் பேனாவைத் தொடவில்லை.

விமானத் துறையில் இதற்கு ஒரு கொள்கையே இருக்கிறது. தன் தவறைத் தானே வந்து சொல்கிறவரை ஒழிக்கக் கூடாது, அவர் சொன்னதை வைத்து முறையைத் திருத்த வேண்டும். ஆனால் வேண்டுமென்றே மறைக்கிறவரை விடவும் கூடாது. சொன்னால் வேலை போகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எல்லாருடைய பெட்டியும் நிறைந்திருக்கும், தாளில் மட்டும்.

பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி இளைஞர்கள் கவலைப்பட இன்னொரு காரணமும் உண்டு. 2023 அக்டோபரில் இந்தியாவின் பாராமதியில், நான்கு நாள் இடைவெளிக்குள் ஒரே பள்ளியின் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளாயின. அந்தப் பள்ளியின் எல்லாத் தளங்களிலும் பறப்பதை இந்திய விமானத் துறை நிறுத்திவைத்து, பராமரிப்பைச் சோதிக்க உத்தரவிட்டது. விமானி ஆக ஆசைப்படும் தம்பி தங்கைகளே, பள்ளியில் சேரும் முன் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே ஒரு மாணவர் "இந்த விமானத்தை நான் இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள்.

ஆயுத பூஜை அன்று

எங்கள் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆயுத பூஜைக்கு அவர் சாமி மேடையில் வைத்தது ஒரே ஒரு பொருள், மரம் வெட்டும் கத்தி. பாட்டி சொல்வார், அந்தக் கத்தியைப் பூஜைக்கு முதல் நாள் தேய்த்ததே இல்லையாம். வருஷம் முழுக்கத் தீட்டிக்கொண்டே இருந்ததால் அன்று தேய்க்க ஒன்றும் இல்லை. மழுங்கிய கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது, பால் குறையும். கங்காணி வந்து பார்க்கும் முன்பே மரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாம் என்ன செய்கிறோம்? மோட்டாரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நல்லதுதான், நானும் வைப்பேன். ஆனால் பிரேக் கட்டை தேய்ந்திருப்பது தெரிந்தும் எலுமிச்சம்பழம் வைத்தால், அது பூஜையா, இல்லை பூசி மறைப்பதா? மாலார்ட் விமானத்தில் பூசிய பசைக்கும் நாம் பூசும் சந்தனத்துக்கும் என்ன வித்தியாசம்?

திருக்குறளில் 54-வது அதிகாரம் 'பொச்சாவாமை'. தேர்வுக்காக அதன் பெயரைப் படித்திருப்போம். மறதி இல்லாமை என்று பொருள் சொல்வார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது என்ற மகிழ்ச்சியில் கடமையை விட்டுவிடுவதைத்தான் வள்ளுவர் அங்கே கண்டிக்கிறார். ஒன்பது முறை ஒழுங்காக இறங்கிய விமானத்தை நினைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

ஆயுதத்தை வணங்குவது என்றால் அதனிடம் பொய் சொல்லாமல் இருப்பது. எண்ணாமல் 'எண்ணினேன்' என்று எழுதாமல் இருப்பது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

கலந்துரையாட

1. எழுதியவர் மோட்டாரில் கிளம்பியபோது என்னென்ன காரணங்களை நினைத்தார்? அவற்றில் எது உங்களையும் தடுத்திருக்கும்? வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

2. அறிக்கையில் தன் பெயரையும் எழுதச் சொன்ன அண்ணன் எதை இழந்தார், எதைக் காப்பாற்றினார்?

3. சொல்லிக்கொடுத்தவரே பரிசோதகராகவும் இருந்தது ஏன் ஆபத்து? நம் சங்கத்தில் பணம் வாங்குகிறவரும் கணக்குப் பார்க்கிறவரும் ஒரே ஆளா?

4. நிரூபிக்கப்படாத விபத்துச் செய்தியை நீங்கள் கைபேசியில் அனுப்பியது உண்டா? இறந்தவரின் குடும்பம் அதைப் படித்தால்?

இந்த மாதம் செய்ய

உங்கள் மோட்டாருக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எண்ணெய் மாற்றிய நாள், டயர், பிரேக், சங்கிலி, யார் பார்த்தது, எத்தனை கிலோமீட்டர், எல்லாவற்றையும் எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள்.

கோயில் தொண்டுக்குப் போகும் குழுவினர், அன்னதானச் சமையலுக்கு முன் எரிவாயுக் குழாயைச் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. இரதம் இழுக்கும் முன் சக்கரம், பிரேக், விளக்கு வயர், மேலே போகும் மின்கம்பியின் உயரம் ஆகிய நான்கையும் இருவர் தனித்தனியே பார்த்து, தனித்தனியே கையெழுத்திடுங்கள். ஒருவர் பார்த்ததை நம்பி மற்றவர் போடக் கூடாது.

விஜயதசமி அன்று அந்த நோட்டையும் சாமி மேடையில் வையுங்கள்.

இப்போதும் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அந்தச் சிறிய விமானங்கள் மலைக்கு மேலே சுற்றுவதைப் பார்க்கிறேன். முன்பு ஓட்டுகிறவரை மட்டும் நினைப்பேன். இப்போது, நேற்று சாயங்காலம் பெட்டியை எண்ணியவரையும் நினைக்கிறேன். அவர் எண்ணியிருப்பார்.